ஆடாதோடை, சூரை மீன், குப்பைமேனி: ஒவ்வாமையோடு வாழ்பவர்களின் அனுபவப் பகிர்வு

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய்:

கச்சான் காற்று புழுதியைக் கிளப்பத் தொடங்கும் வைகாசி மாதத்தில் என் மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) வந்துவிடும். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஓர் இரவு, என் மாமியார் வேலியோரத்து ஆடாதோடையில் முற்றிய இலைகளாகப் பார்த்து ஐந்தாறு பறித்து, நடு நரம்பைக் கிழித்தெடுத்து, இரண்டு தம்ளர் தண்ணீர் அரைத் தம்ளராக வற்றும்வரை காய்ச்சி, தேன் விட்டு ஊட்டினார். கசப்பில் முகத்தைச் சுளித்தாலும் பிள்ளை குடித்துவிட்டான். விடியும் முன்பே நெஞ்சில் கட்டியிருந்த சளி இளகி வெளியே வந்தது. ஆனால் மூச்சை விடும்போது எழுந்த விசில் போன்ற ஒலி மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. அதைக் கண்டதும் முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆவியாக மருந்து கொடுத்து மகன் தேறிய பிறகு, நாங்கள் கொடுத்த கசாயத்தைப் பற்றிச் சொன்னோம். மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதுதான் 1960களில் பயன்பாட்டுக்கு வந்த, சளியை இளக்கும் மருந்தான புரோம்ஹெக்சின் என்றும், பாமசியில் நாங்கள் வாங்கும் அம்புரோக்சோல் பாணி மருந்தும் அதன் வழிவந்ததே என்றும் விளக்கினார். அப்படியானால் ஏன் மூச்சு சீராகவில்லை என்று கேட்டேன். சளியை இளக்குவது ஒரு வேலை, வீங்கிச் சுருங்கிய மூச்சுக் குழாயை விரிப்பது வேறு வேலை, அந்த வீக்கம் வராமல் தடுப்பது மூன்றாவது வேலை என்றார். அன்றிலிருந்து எந்த மூலிகையைப் பற்றி யார் சொன்னாலும், அது இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அப்படித் தேடி வாசித்தபோது என்னை மிகவும் தொட்டது மருத்துவர் ரோஜர் அல்டூன்யானின் கதை. நம் ஓமமும் கொத்தமல்லியும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தில், எகிப்தில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடி உண்டு. அதன் விதையிலுள்ள கெல்லின் என்ற பொருளிலிருந்து ஆய்வாளர்கள் பல சேர்மங்களை உருவாக்கினார்கள். தாமே தொய்வு நோயாளியான அல்டூன்யான், கினிப்பன்றி மயிரிலிருந்து எடுத்த சாற்றைச் சுவாசித்துத் தமக்கு மூச்சிழுப்பை வரவழைத்து, அச்சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தம் உடலிலேயே சோதித்தார். 1965இல் கிடைத்தது சோடியம் குரோமோகிளைகேட் என்ற மருந்து. ஒவ்வாமையில் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை, அதைச் சேமித்து வைத்திருக்கும் நம் உடலின் மாஸ்ட் கலங்கள் கொட்டிவிடாமல் அது தடுக்கிறது. கொட்டிய பிறகு கொடுத்துப் பயனில்லை. ஒரு தாவரத்தின் பயன் எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று அதிலிருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

கிண்ணியாவிலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஒருவர்:

சகோதரியின் அனுபவத்தை வாசித்ததும், எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக நாங்கள் தவறாக நம்பிவந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒருநாள் மத்தியானம் சூரை மீன் ஆணம் சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கும் உம்மாவுக்கும் தம்பிக்கும் ஒன்றாக முகம் சிவந்து, காது மடல் சுட்டு, கழுத்தெல்லாம் தடித்து அரிக்கத் தொடங்கியது. உம்மா உடனே கொத்தமல்லியும் மஞ்சளும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடுத்தார். அசர் தொழுகைக்குப் பிறகு மூவருக்கும் எல்லாம் அடங்கிவிட்டது. அதிலிருந்து மீன் ஒவ்வாமைக்கு உம்மாவின் மல்லித் தண்ணீர்தான் மருந்து என்று வருவோர் போவோருக்கெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அடுத்த வாரம் வேறொரு வள்ளத்தில் வந்த அதே சூரையைச் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. உண்மையான ஒவ்வாமை என்றால் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்து, அடுத்த முறை வராமல் போகுமா என்று அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதாவது, ஒவ்வாமையில் நம் உடல் கொட்டும் அதே பொருளை நாங்கள் சட்டியிலிருந்தே சாப்பிட்டிருக்கிறோம். அந்த அரிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே அடங்கும். மல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருந்தது உண்மை, ஆனால் நோயை மாற்றியது அது என்று இனி நான் சொல்லமாட்டேன்.

இங்கே மெய்யாகவே வேலை செய்யும் ஒரு தாவரப் பொருளும் உண்டு. அது நோய் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே வேலை செய்கிறது. சூரையைக் கொறுக்காய்ப்புளி (குடம்புளி) அரைத்துப் பூசிச் சமைக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. அந்தப் புளிப்பில் ஹிஸ்டமினை உண்டாக்கும் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. ஆனாலும் ஐஸ்தான் முதல் பாதுகாப்பு, ஏற்கெனவே கெட்ட மீனைக் கொறுக்காய் திருத்தாது.

இறால், நண்டு ஒவ்வாமை இதுவல்ல. என் மச்சினிக்கு இறால் பட்டாலே உதடு வீங்கும். ஒருமுறை குரல் கம்மி மூச்சு முட்டியபோது, வீட்டிலிருந்த பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையையும் கசாயத்தையும் நம்பி நாங்கள் வீணாக்கிய இருபது நிமிடத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அவரைக் காப்பாற்றியது அட்ரினலின் ஊசி.

நிலாவெளியிலிருந்து ஒரு சித்த மருத்துவ மாணவி:

கிண்ணியா நானா சொன்ன மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மஞ்சள் வெறும் நம்பிக்கை அல்ல. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் அடக்குவது ஆய்வுகூடத்தில் திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது. சிக்கல் அளவில்தான் இருக்கிறது. நூறு கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய மூன்று கிராம்தான். அதிலும் குடலிலிருந்து இரத்தத்திற்குச் சேர்வது மிகச் சொற்பம். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, மனிதரில் அது இரத்தத்தில் சேர்வது ஏறத்தாழ இருபது மடங்கானது. பாலில் மஞ்சளோடு மிளகும் தட்டிப் போடும் நம் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகள் உடலில் சிதைவதையும் மந்தமாக்கும். தொய்வுக்குத் தியோபிலின் குளிசை எடுக்கும் என் தாத்தா மிளகுக் கசாயத்தை நாள்தோறும் குடிக்கத் தொடங்கியபோது, மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விடக்கூடாது. சொறிக்கும் தடிப்புக்கும் குப்பைமேனி இலையை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசுவது எங்கள் அம்மம்மாவின் வழக்கம். அயல்வீட்டில் ஒரு பையனுக்கு அதே இலையைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அவன் சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்தது, கண் வெள்ளை மஞ்சளாகியது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இந்த இலை செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும்; இலங்கையில் அப்படி நேர்ந்தவர்களைப் பற்றிய கட்டுரை 1996இலேயே மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது. பையன் பிழைத்துக்கொண்டான். அம்மம்மா பூசினார், ஒருபோதும் குடிக்கக் கொடுத்ததில்லை. உவர்மலை அக்கா, ஆடாதோடையும் அப்படித்தான்: கருவுற்ற பெண்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது, வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

உவர்மலைத் தாய் மறுபடியும்:

நன்றி தங்கச்சி. மகனுக்கு இப்போது பதினாறு வயது. தடுப்பு பம்பை (இன்ஹேலரை) காலையும் இரவும் தவறாமல் எடுக்கிறான். வேலியோரத்து ஆடாதோடையைச் சளி கட்டும் நாளில் மட்டும் காய்ச்சுகிறோம். நீங்கள் சொன்ன நொதி குறைவா என்று பார்க்கும் பரிசோதனையை அவனுக்கு இதுவரை செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக் இருக்கிறது, அன்று கேட்கிறேன்.