வயிறு போதும் என்கிறது, கை கேட்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உச்சிப்புளி ஆள்:

தொதல் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுகிற இனிப்பு. சென்னையில் இருக்கும் சித்திக்குக் கொடுத்தனுப்புவதற்காகக் கீழக்கரையில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். எடையைக் குறைக்கிறேன் என்று மத்தியானச் சோற்றை நிறுத்தியிருந்த காலம் அது. பெரிய பசி என்றும் சொல்ல முடியாது. ஒரு துண்டு பிட்டுப் பார்ப்போம் என்றுதான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அதற்கப்புறம் நடந்தது கோர்வையாக நினைவில் இல்லை. இனிப்பு கூடத் தெரியவில்லை. வாயில் ஒன்று இருக்கும்போதே கை அடுத்ததைப் பிட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நெரிந்து கண்டக்டர் என்னிடம் வந்து சேர்ந்தபோது திருப்புல்லாணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அவர் கொடுத்த டிக்கெட் கருப்பட்டிப் பிசுக்கில் விரலோடு ஒட்டிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. அவர் என் மடியில் கிடந்த காலிப் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். சித்தியிடம் கடை பூட்டியிருந்தது என்றேன்.

ருசியே தெரியாமல் இப்படிச் சாப்பிடுவது வேறு யாருக்காவது உண்டா?

விசைப்படகு:

உண்டு தம்பி. எனக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் வரும். கடலுக்குப் போகிற நாளில் இந்தத் தொல்லையே கிடையாது. வலை இழுக்கிறவனுக்குத் தின்பண்டம் ஏது? படகில் ஆக்குகிற சோறும் குழம்பும் எல்லாருக்கும் ஒரே சட்டி, அவ்வளவுதான். ஏப்ரல் 15 ஆனால் படகைக் கட்டிவிட வேண்டும், ஜூன் 14 வரை 61 நாள். வலையைப் பிரித்துப் பின்னுவது எத்தனை நாளைக்கு ஓடும்? கடன் கொடுத்தவர் போன் வேறு. சாயங்காலமானால் கடையில் பரோட்டா, அதே கையோடு வந்து வீட்டில் சோறு. வீட்டுக்குக் கடை தெரியாது, கடைக்கு வீடு தெரியாது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அலமாரியில் என்ன இருக்கிறதோ அதுவும்.

ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே என் சின்ன மகள் தம்பியிடம் சொல்கிறாள்: "அப்பா வர்றாங்க, எடுத்து உள்ளே வை." மிக்சர் பாக்கெட். அவள் குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. மழை வருது, துணியை எடு என்கிற மாதிரி சொன்னாள். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு அந்த வீட்டில் ஒரு பழக்கமே உண்டாகியிருக்கிறது.

கருப்பட்டிக் காப்பி:

எனக்கும் இருந்தது. மண்டபத்தில் ஒரு கல்யாணத்தில் இரண்டு பந்தியில் உட்கார்ந்தேன். இரண்டாவது பந்தியில் பரிமாறியது என் சகலை. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

இதெல்லாம் வாய்க்கட்டு சம்பந்தப்பட்டது. தம்பி, முதலில் அந்தக் கடை இருக்கும் தெருவிலேயே நடக்காதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், மேலே சுடுதண்ணீர். ராத்திரிச் சோறு கூடவே கூடாது. இன்னும் நல்லது ஒருவேளைச் சாப்பாடு: பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பன்னிரண்டு வரை தண்ணீர் மட்டும். முதலில் தலை சுற்றும், பழகிவிடும். சீனி, மைதா, வெள்ளை அரிசி மூன்றையும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வீட்டுக்காரியிடம் கொடுங்கள். விசைப்படகு அண்ணே, தடைக்காலத்தில் விடிகாலையில் எழுந்து கடற்கரை மணலில் நடங்கள், மணலில் நடந்தால் இரண்டு பங்கு உழைப்பு. நுங்கு சீசனும் அப்போதுதான், பசித்தால் நுங்கு சாப்பிடுங்கள். நம் தாத்தா காலத்தில் கேப்பைக் கூழும் கருவாடும்தான், யாருக்காவது இந்த வியாதி இருந்ததா? மனசை அடக்கினால் வாய் தானாக அடங்கும். நான் அப்படித்தான் அடக்கினேன். ஒரு மாதம் கழித்து வந்து நன்றி சொல்லுங்கள்.

நைட் டூட்டி:

கருப்பட்டிக் காப்பி அண்ணே, பூட்டையும் வெந்தயத்தையும் குறைத்துவிட்டுச் சகலையைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

நான் நர்ஸ். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒரு குடும்பம் வார்டில் எல்லாருக்குமாக ஒரு பெட்டி லட்டு கொடுத்தது. எங்கள் ஷிப்ட் எடுத்தது போக மீதியைக் காலையில் வருகிறவர்களுக்கு வைத்திருந்தோம். விடிவதற்குள் அதை நான் துணி அடுக்கும் அறையில் நின்றபடியே முடித்துவிட்டேன். ஸ்வீட் கடை திறந்ததும் ஓடிப்போய் அதே மாதிரிப் பெட்டி வாங்கினேன். புதுப்பெட்டி நிறைய இருந்தால் சந்தேகம் வருமே! பழைய பெட்டி இருந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். அதனால் அதிலும் நாலு லட்டு சாப்பிட்டேன். கடைக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கண்ணில் தண்ணீர் வர. அந்த நாலு லட்டுதான் எனக்கு மறக்கவில்லை, முதல் பெட்டி இல்லை.

இப்போது அண்ணனுக்கு. ஒருவேளை மட்டும் சாப்பிடு என்று இந்த ஆட்களிடம் சொல்லாதீர்கள். உச்சிப்புளித் தம்பி மத்தியானச் சோற்றை நிறுத்தியிருந்த காலம் என்று அவரே எழுதியிருக்கிறார், அதைக் கவனித்தீர்களா? 1944-45இல் அமெரிக்காவில் மினசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் போல அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் திடகாத்திரமான ஆட்கள், தாங்களாக முன்வந்தவர்கள். பட்டினி முடிந்து சாப்பாடு கொடுத்தபோது சிலர் வயிறு வலிக்கிற அளவுக்குத் தின்றும் பசி தீரவில்லை என்றார்கள். அவர்களுக்கெல்லாம் வாய்க்கட்டு இல்லை என்பீர்களா?

நமக்கு வருகிற இந்த நிறுத்த முடியாத சாப்பாட்டை, 'பிஞ்ச் ஈட்டிங் டிசார்டர்' என்று ஒரு தனி நோயாகவே 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டில் சேர்த்துவிட்டது. ஒரே மூச்சில் அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த முடியாத மாதிரி இருப்பது, பசி இல்லாமலே சாப்பிடுவது, வெட்கத்தில் ஒளிந்து சாப்பிடுவது, அப்புறம் தன்மேலேயே அருவருப்பு வருவது. இது வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து மூன்று மாதம் நீடித்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் கூட ஒரு வாய் சாப்பிட்டவரெல்லாம் இதில் சேர மாட்டார்கள். வைத்தியத்தில் முதலில் சொல்வதே நேரத்துக்குச் சாப்பிடு என்பதுதான். மூன்று வேளை, இடையில் கொஞ்சம் ஏதாவது, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதே. ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலை இட்லியைத் தள்ளிவிடாதே. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பட்டினி கிடந்து ஈடுகட்டுவது ரொம்பச் சுலபம்.

கீழக்கரை லாத்தா:

பட்டினிதான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள் தங்கச்சி. எனக்கு வருஷத்தில் நிம்மதியான மாதமே நோன்பு மாதம்தான். பகலெல்லாம் ஒன்றும் இல்லை, மஃரிபுக்குக் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், வீடு நிறைய ஆட்கள். ஒரு சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், நாலு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு எடுக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே அந்தப் பேய் வராது.

வீட்டுக்காரர் துபாய்க்குத் திரும்பிய பிறகு வரும். பழக்கதோஷத்தில் நாலு பேருக்கு ஆக்கிவிடுவேன். ஒருநாள் சட்டியோடு உட்கார்ந்திருக்கும்போது வீடியோ கால் வந்தது. வாயை முந்தானையால் துடைத்து, சட்டியைக் காலால் தள்ளிவிட்டுத்தான் எடுத்தேன். "சாப்பிட்டியா?" என்றார். "இன்னும் இல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "மணி என்ன ஆகுது, போய்ச் சாப்பிடு, நான் பார்க்கணும்" என்றார். தட்டில் போட்டு அவர் முன்னால் இன்னொரு முறை சாப்பிட்டேன். "மெல்ல, மெல்ல" என்று சிரித்தார்.

நைட் டூட்டி:

நோன்பைச் சொல்லவில்லை லாத்தா. உடம்புக்கு முடியாதவர்களுக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் சொன்னது தண்டனையாகப் பட்டினி கிடப்பதை. தனியாக இருக்கும்போது வருகிறது என்றீர்களே, அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் துணி அறையில்தான் வந்தது, வார்டில் வரவில்லை.

கருப்பட்டிக் காப்பி:

நல்லதுக்குச் சொன்னால் இப்படி. எங்கேயோ அமெரிக்காக்காரன் பட்டினி கிடந்ததை வைத்து நம் ஊர் வயிற்றுக்குச் சட்டம் போடுகிறீர்கள். வெந்தயத்தால் யாரும் செத்ததில்லை.

தேவிபட்டினம் அக்கா:

சண்டை வேண்டாம். என் தம்பி கதை வேறு மாதிரி. அவனுக்கு மனநோய்க்கு மாத்திரை கொடுக்கிறார்கள், ஓலன்சபின். மாத்திரை ஆரம்பித்த பிறகு அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கின, பசி கிளம்பியது. ஒரு மத்தியானம் அவன் கையில் கரண்டியோடு சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, "அக்கா, வயிறு வலிக்குது, என்னை நிறுத்தச் சொல்லு" என்றான். சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறான். நான் கரண்டியைப் பிடித்தேன், அவனும் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இதற்கும் வாய்க்கட்டு இல்லை என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்த மாத்திரை பசியைத் தூண்டும், எடையை ஏற்றும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. மருந்தை மாற்றிக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

முதலில் மனநல டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னதும் அம்மா கேட்டது, "ஏர்வாடிக்கா கூட்டிட்டுப் போகப் போறே?" அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே தர்காவுக்குக் கூட்டிவந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகக் குடிசையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்தார்கள். இந்தக் கரையில் எங்கள் வயதுக்காரர்கள் யாருக்கும் அது மறக்காது. சாப்பாட்டுப் பிரச்சினைக்கு டாக்டரிடம் போகக்கூட இங்கே கால் கூசுவதற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் போனது ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கு. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தோம், சுகர் பார்க்க வந்தவர்கள் மாதிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் பேசலாம், டெலி மானஸ் என்று அரசாங்க நம்பர்.

விசைப்படகு:

அதில் தமிழில் பேசுவார்களா? காசு பிடிக்குமா?

தேவிபட்டினம் அக்கா:

தமிழில்தான் அண்ணே. காசு இல்லை, ராத்திரியும் எடுப்பார்கள்.

விசைப்படகு:

சரி. வீட்டில் வைத்துப் பேச முடியாது. படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் படகில் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன். சாயங்காலம் பிள்ளைகள் சாப்பிடும்போது நானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு அவர்களோடு உட்காருகிறேன், லாத்தா எழுதியதைப் படித்த பிறகு. சில ராத்திரி அலமாரிப் பக்கம் போவதில்லை. சில ராத்திரி போகிறேன்.

உச்சிப்புளி ஆள்:

அண்ணே, பூட்டுப் போட்டீர்களா?

விசைப்படகு:

இல்லை. பூட்டுப் போட்டால் சாவி எங்கே என்று பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டி வரும்.

கருப்பட்டிக் காப்பி:

நர்ஸ் தங்கச்சி கேட்டதால் எழுதுகிறேன். மகன் காலேஜுக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்த வருஷம் அது, வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது பந்தியில் தலையைக் குனிந்தபடிதான் உட்கார்ந்தேன், இலை போடும் கை யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. சோறு, சாம்பார், கூட்டு எல்லாம் ஒன்றும் பேசாமல் வைத்தார். சுற்றிலும் ஆட்கள். ரசம் ஊற்றக் குனிந்தபோது காதோரமாக, "அண்ணே, வீட்டில் எல்லாம் சரிதானே?" என்று கேட்டார்.

நான் பாயசம் எங்கே என்று கேட்டேன்.