தக்காளிப் பாத்தியில் தானா முளைச்ச செடி: மூக்கிரட்டையா, பருப்புக்கீரையா?

கேட்டவர்: தக்காளி நட ஒரு டிராக்டர் செம்மண்ணும் ஆட்டு எருவும் போட்டு மூணு வாரம் ஆகுது. மழைக்கப்புறம் பாத்தி முழுக்க ஒரே செடி. வட்டமான, சதைப்பற்றான இலை, தண்டு லேசான சிவப்பு, தரையோட படருது. பக்கத்து வீட்டு அக்கா மூக்கிரட்டைங்கிறாங்க, கீரைக்காரப் பாட்டி பருப்புக்கீரைங்கிறாங்க. சமைக்கலாமா, பிடுங்கவா?

களைக்கொத்தி: மேலேருந்து பார்த்தா இந்த மாதிரி தரையில் படர்ற செடி மூணு நாலுமே ஒண்ணுபோலத்தான் இருக்கும். மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. தண்டைக் கிள்ளினா பால் வருதா? இலைகள் எதிரெதிரா இருக்கா, மாறி மாறி இருக்கா? பூ எங்கே, என்ன நிறம்? பால் வந்தா அம்மான் பச்சரிசி வகை, சமையல் பேச்சே வேண்டாம்.

முருங்கைக்காய்: எதிரெதிர் இலையில் ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னதுன்னா மூக்கிரட்டைதான் சகோ. நல்ல கீரை.

களைக்கொத்தி: அவசரப்படாதீங்க. ஜோடியில் பெரிசு சின்னது சாரணைங்கிற களைக்கும் உண்டு, குழப்பமே அங்கதான்.

கேட்டவர்: பால் வரலை. இலை எதிரெதிர்தான், ஜோடியில் ஒண்ணு பெரிசு. பூ வெளிர் ரோஸ், ரொம்பச் சின்னது. காம்பு தெரியலை, இலைக்கணுவுக்குள்ளேயே புதைஞ்ச மாதிரி இருக்கு. மத்தியானத்துக்கு மேல மூடிடுது.

களைக்கொத்தி: அப்போ சாரணை. இலைக்காம்போட அடியை நகத்தால் மெதுவா விரிச்சுப் பாருங்க. மெல்லிய சவ்வு பை மாதிரி தண்டைச் சுத்தியிருக்கும், பூவும் காயும் அதுக்குள்ளதான். மூக்கிரட்டைக்கு அந்தப் பை கிடையாது. நீளமான மெல்லிய காம்புல கொத்தாப் பூக்கும், காய் விரலில் பசை மாதிரி ஒட்டும், இலையோட அடிப்பக்கம் வெளுத்திருக்கும். பருப்புக்கீரைக்குப் பூ மஞ்சள், இலை நுனியில் அகலமாகி அடியில் குறுகும், கிளை நுனியில் கொத்தா நிக்கும்.

முருங்கைக்காய்: சரிதான், பூவைக் கேட்காம சொல்லிட்டேன். கிட்னிக்கு நல்லதுன்னு மூக்கிரட்டை வேர் தேடுறவங்க இதைப் பிடுங்கிக் கஷாயம் போடுறாங்க. அது வேண்டாம்.

கேட்டவர்: கீரையா ஆக்கலாமா?

களைக்கொத்தி: பூக்காத இளந்தளிரைச் சில ஊர்ல ஆக்குவாங்க. ஆக்சலேட் (சிறுநீரகத்தில் கல் உண்டாக்கக்கூடிய உப்பு) இருக்கு, அதனால கொதிக்கவெச்சு அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுத்தான் கடையணும். சிறுநீரகக் கல் இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் தொடவேண்டாம். உங்களுது பூத்தாச்சு, பிடுங்குங்க.

பிடுங்குறதிலதான் எல்லாரும் தவறுறாங்க. முளைச்சு மூணு நாலு வாரத்திலேயே பூக்கும். காய் முத்தினா மேல்பாகம் மூடி மாதிரி கழண்டு, விதையோட விழும். அதனால காய்ச்ச செடியை உதறாதீங்க. பக்கெட்டைக் கீழே வெச்சு, மண்ணு ஈரமா இருக்கும்போது ஆணிவேரோட எடுங்க. பாத்தி ஓரத்தில் குவிச்சு விட்டா சதைப்பற்றால் சீக்கிரம் வாடாது, காயும் முத்திடும். மக்கு உரக் குழியிலும் போடாதீங்க.

அப்புறம் தண்ணி விட்டு ஏழெட்டு நாள் காத்திருங்க. மிச்ச விதை முளைக்கும். இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாம கொத்தியால் சுரண்டுங்க. ஆழமாக் கொத்தினா கீழே தூங்குற விதை மேலே வரும். இதை இரண்டு தடவை செஞ்சுட்டு நாத்தை நட்டு, அஞ்சாறு செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு போடுங்க, தண்டை ஒட்டாம.

கேட்டவர்: கறுப்பு ஷீட் மூடினா விதை வெந்துடுமா?

களைக்கொத்தி: கறுப்பு ஷீட் வெளிச்சத்தை மறைக்கும், ஷீட்தான் சூடாகும். மண்ணைச் சூடாக்க நிறமில்லாத ஷீட் வேணும். அதுவும் சித்திரை வெயில்ல, மண்ணை நல்லா நனைச்சு, ஓரத்தை மண்ணால் அடைச்சு, நாலுலேருந்து ஆறு வாரம். இப்போ மழைக்காலத்தில் அந்தச் செலவு வீண். அடுத்த லோடு எரு வந்தா நேரா பாத்தியில் கொட்டாம, ஒரு கூடையைத் தனியா நனைச்சு வெச்சு பத்து நாள் என்ன முளைக்குதுன்னு பாருங்க.