காலையில் லாயத்துக்கு ஆளே வருவதில்லை, வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
எங்கள் மாணவர் கூட்டுறவு லாயத்தில் ஐந்து குதிரைகள், பத்துப் பேர். சாயங்காலச் சவாரிக்கு எல்லோரும் ஆஜர். காலையில் சாணம் அள்ள நானும் இன்னொருத்தியும்தான். தேர்வு வாரத்தில் கேட்கவே வேண்டாம். போன வாரம் பழுப்புக் குதிரைக்கு இரண்டு பேர் தனித்தனியாகத் தானியம் வைத்துவிட்டார்கள்.

பதில் 1:
சாணம் இருக்கட்டும், அந்த இரட்டைத் தீவனத்தை முதலில் நிறுத்துங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தானியம் மிஞ்சினால் வயிற்றுவலி வரும், குளம்பிலும் அழற்சி வரலாம். ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் ஒரு சிலேட்டு தொங்கட்டும். தீவனம் வைத்தவர் நேரத்தையும் பெயரையும் எழுத வேண்டும். சிலேட்டு காலியாக இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள், ஊகிக்காதீர்கள். ஒருவேளைத் தானியம் தவறினால் பெரிதில்லை, உலர்புல்லும் தண்ணீரும் இருந்தால் சரி.

பதில் 2:
வேலைவாரியாகப் பிரிக்காதீர்கள், ஒரு குதிரைக்கு இரண்டு பேர் என்று வையுங்கள். 500 கிலோ குதிரை சாதாரணமாக நாளுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். வாளி குறையவில்லை, சாணம் குறைந்திருக்கிறது என்பதெல்லாம் தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும். தேர்வு வந்தால் அந்த ஜோடி தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும். அப்புறம், காலை முறையைத் தட்டிக்கழித்தவருக்குச் சாயங்காலச் சவாரி கிடையாது. கறாராக இருங்கள்.

கேட்டவர்:
சிலேட்டு நாளைக்கே. சவாரித் தடையைக் கூட்டத்தில் வைக்கிறேன், சண்டை வரும்.