8 கேமராவுக்கு இந்த மலிவு டிஸ்க் தாங்குமா? எஸ்எம்ஆர், சிஎம்ஆர் வாக்குவாதம்

சிப்புட்காரன்:
சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் ஒன்றுக்கு 8 கேமரா டிவிஆர் (கேமரா படத்தைப் பதியும் பெட்டி) போடுகிறோம். டவுன் கடையில் சீகேட் பாராகுடா 4 டிபி (எஸ்டி4000டிஎம்004) தருகிறேன் என்கிறார்கள். அதிலேயே இன்னும் 4 வாங்கி, திருவிழா வீடியோ சேமிக்கும் ரெய்டு பெட்டியிலும் (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டியது) போடலாமா?

லயத்துத்தகரம்:
இரண்டுக்கும் வேண்டாம் தம்பி. அது எஸ்எம்ஆர். டிஸ்க்கின் தட்டில் தடம் தடமாக எழுதும் முறையில் இரண்டு வகை: எஸ்எம்ஆர், சிஎம்ஆர். எந்த டிஸ்க்கிலும் எழுதும் முனை, படிக்கும் முனையைவிட அகலம். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றையொன்று தொடாது. எஸ்எம்ஆரில் லயத்துக் கூரைத் தகரம் மாதிரி ஒன்றின் ஓரத்தில் அடுத்தது ஏறி உட்காரும். படிக்க மெல்லிய கீற்று மிஞ்சினால் போதும், அதனால் இடம் மிச்சம். ஆனால் நடுத்தகரம் ஒன்றை மாற்ற, அதன்மேல் ஏறியதை எல்லாம் கழற்றணும். 4 கேபி மாற்றினாலும் அந்தப் பட்டை முழுவதையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போட, தட்டிலேயே தனியாக ஒரு தற்காலிகப் பகுதி உண்டு. முதலில் அங்கே எழுதிவிட்டு, சும்மா இருக்கும்போது உரிய இடத்துக்கு மாற்றும். டிவிஆர் எப்போது சும்மா இருக்கிறது?

செம்பனைக்கணக்கு:
அண்ணே, கணக்குப் போட்டுப் பாருங்க. கேமராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் எட்டுக்கும் 32. எட்டு பிட் ஒரு பைட். அதாவது நொடிக்கு 4 எம்பி. எஸ்எம்ஆர் டிஸ்க்கும் வரிசையாக எழுதும்போது 100 எம்பிக்கு மேல் ஓடும். டிவிஆர் பெரிய கோப்புகளாகத்தான் எழுதுகிறது, பழையதை அழிப்பதும் வரிசையாகத்தான். இந்த வேகத்துக்கு எதற்குச் சிஎம்ஆர்?

லயத்துத்தகரம்:
கணக்கைப் பாதியில் விட்டுட்டீங்க. நொடிக்கு 4 எம்பி என்றால் நாளுக்கு 345.6 ஜிபி, ஆண்டுக்கு 126 டிபி. பாராகுடாவின் விவரத்தாளில் ஆண்டுக்கு 55 டிபி வேலை, 2,400 மணி நேர ஓட்டம் என்றுதான் போட்டிருக்கிறது. சீகேட்டின் கேமராப் பதிவு டிஸ்க்கான ஸ்கைஹாக்கில் 180 டிபி, 8,760 மணி நேரம்.

செம்பனைக்கணக்கு:
அது சரி, டிவிஆருக்கு ஸ்கைஹாக்கே போடட்டும். ஆனால் அது எஸ்எம்ஆரின் குற்றம் இல்லையே! மேசைக் கணினிக்கென்று செய்த டிஸ்க் சிஎம்ஆராக இருந்தாலும் இதே பேச்சுத்தான். தம்பிக்கு இன்னொன்று: 4 டிபியில் பதினொன்றரை நாள்தான் நிற்கும். 30 நாள் கேட்டால் 12 டிபி வாங்கணும், இல்லை பிட் அளவைக் குறைக்கணும்.

லயத்துத்தகரம்:
ரெய்டில் குற்றம் எஸ்எம்ஆருடையதுதான். ஒரு டிஸ்க் செத்தால், புதியதில் டிபி கணக்கில் ஓய்வில்லாமல் எழுதணும். தற்காலிகப் பகுதி நிரம்பிவிடும். பிறகு டிஸ்க் இடம் மாற்றிக்கொண்டே எழுதுவதால் பதில் தர நேரமாகும். கன்ட்ரோலர் பொறுமை இழந்து, நல்ல டிஸ்க்கையே செத்ததாகக் கழற்றிவிடும். 2020இல் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் இஎஃப்ஏஎக்ஸ் வரிசையில் (2 முதல் 6 டிபி) எஸ்எம்ஆர் இருப்பது வெளியே தெரிந்தபோது பெரிய சர்ச்சை ஆனது இதனால்தான். இசட்எஃப்எஸ் (ரெய்டு வேலையையும் தானே செய்யும் கோப்பு முறை) வைத்திருந்தவர்கள் அதிகம் அடிபட்டார்கள். இப்போது டபிள்யூடியின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். பெயரில் வெறும் "ரெட்" என்று இருந்தால் தொடாதீர்கள்.

சிப்புட்காரன்:
கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமல் தருவார். எப்படிக் கண்டுபிடிப்பது?

செம்பனைக்கணக்கு:
மாடல் எண்ணை வாங்கி, கம்பெனியின் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் பட்டியலில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்க. பிரித்த டிஸ்க் என்றால் ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கின் விவரம் காட்டும் மென்பொருள்) ஓட்டுங்க. சுழலும் டிஸ்க்கில் "ட்ரிம்" (எந்த இடம் அழிந்தது என்று டிஸ்க்குக்குச் சொல்லும் கட்டளை) இருப்பதாகக் காட்டினால் அநேகமாக எஸ்எம்ஆர். டபிள்யூடியில் இது பிடிபடும், பாராகுடாவில் காட்டாமலும் போகலாம். 2, 4 டிபி டிஸ்க்கில் 256 எம்பி கேஷ் போட்டிருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

ஆனாலும் எஸ்எம்ஆரைக் குப்பையில் போடச் சொல்லாதீங்க. திருவிழா வீடியோவின் இரண்டாவது பிரதிக்கு, ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்க அதுவே போதும். பெரிய கோப்புகளை ஒரே மூச்சில் ஏற்றுங்க. முடிந்ததும் கரண்டை உடனே பிடுங்காமல் அரை மணி விடுங்க. உள்ளே குருகுருவென்று சத்தம் வந்தால் இன்னும் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

லயத்துத்தகரம்:
அதற்கு நான் எதிரி இல்லை. ஆயிரக்கணக்கான போட்டோக்களை அதில் வைத்துக்கொண்டே திருத்தினால் மட்டும், வேகம் 150 எம்பியிலிருந்து சில எம்பிக்கு இறங்கும்போது யூஎஸ்பி கேபிளைத் திட்டக் கூடாது.