நனைந்த தார் ரோட்டில் 4எச் போடலாமா? ஒரு வீடியோவும் என் வயிற்றெரிச்சலும்

பழைய ஜிப்சி:
கொல்லிமலை ஏறும் வீடியோ ஒன்று நேற்று கண்ணில் பட்டது. புது மஹிந்திரா தார், நல்ல மழை. காரவள்ளி அடிவாரத்திலேயே குட்டி லிவரை 4எச்சில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில் தள்ளிவிட்டு, "மழைன்னா 4எச், அவ்வளவுதான் ரூல்" என்று ஒருத்தர் பாடம் எடுக்கிறார். 70 கொண்டை ஊசி வளைவையும் அப்படியே ஏறி, செம்மேட்டில் இறங்கிக் கட்டை விரலைக் காட்டுகிறார். கீழே வரிசையாக "நன்றி அண்ணா, நன்றி அண்ணா".

அது பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டி, தேவைப்படும்போது மட்டும் லிவர் போட்டு நான்கு சக்கரத்தையும் இழுக்க வைப்பது. முன், பின் ஆக்சில்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. 4எச் போட்டால் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒரே சுற்றுதான். சேறு, மணல், சரளை என்றால் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் எங்கே வழுக்கும்? நனைந்தாலும் தார் ரோடு தார் ரோடுதான்.

கதிர் 4×4:
அந்த வீடியோ என் நண்பனுடையது. வண்டியில் நானும் இருந்தேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. கையேட்டைத் திறந்து பாருங்கள் அண்ணே, "வறண்ட கெட்டிச் சாலையில் 4எச் வேண்டாம்" என்றுதான் இருக்கும். வறண்ட. நனைந்த என்று எங்கே போட்டிருக்கிறது?

பழைய ஜிப்சி:
சத்தம் வரவில்லை என்றால் ஆடியோவில் பாட்டு ஓடியிருக்கும். சரி, கணக்கே போடுவோம். மஹிந்திரா தாரின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி, 2,450 மில்லிமீட்டர். கொண்டை ஊசியில் பின் ஆக்சில் 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வட்டத்துக்குப் பின்பக்கம் சுமார் 18.85 மீட்டர் ஓடும். முன் ஆக்சில் அதே திருப்பத்தில் சுமார் 20.36 மீட்டர் ஓட வேண்டும். வித்தியாசம் ஒன்றரை மீட்டர். முன், பின் ஆக்சில்களைச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டும் சேர்ந்து பூட்டியிருக்கும்போது அந்த ஒன்றரை மீட்டர் எங்கே போகும்? டயர் தேய்ந்து போக வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்டிலும், இழுவையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முறுக்கேறி உட்கார வேண்டும். சக்கடா வண்டியைத் திருப்பும்போது வெளிமாடு அதிக தூரம் நடக்கும், உள்மாடு நின்று கொடுக்கும். இரண்டும் ஒரே அடிதான் வைக்க வேண்டும் என்று கட்டிப் போட்டால் வண்டி எப்படித் திரும்பும்?

கதிர் 4×4:
மாட்டு வண்டி பற்றி யாரும் கேட்கவில்லை. டயர் தேயும் என்கிறீர்கள், அது தண்ணீரில் வழுக்கிப் போகும் என்கிறேன். வறண்ட. அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லுங்கள்.

வால்பாறை வாசி:
நான் ஃபோர் வீல் கேம்பர் பிக்கப் ஓட்டுகிறேன். ஆழியாறிலிருந்து மேலே 40 வளைவு. பின்னால் லோடு இல்லாமல் மழையில் வந்தால் அட்டகட்டிப் பக்கம் பின்சக்கரம் வழுக்கி வால் வீசும். 4எச் போட்டால் வீசாது. இதில் என்ன விவாதம் என்று புரியவில்லை.

பழைய ஜிப்சி:
வால் வீசினால் முதலில் பின் டயரைக் குனிந்து பாருங்கள், பட்டன் தேயாமல் இருக்கிறதா என்று. அடுத்து ஆக்சிலரேட்டரில் இருக்கிற காலைப் பாருங்கள். கடைசியாகத்தான் லிவர்.

வால்பாறை வாசி:
டயர் புதுசு சார். காலும் பழசில்லை.

டீசல் மண்டை:
என் வண்டியில் ஏ.டபிள்யூ.டி. இருக்கிறது, லிவர் இல்லாமலே நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும். ஊட்டி, மூணாறு எல்லாம் போய் வந்தாச்சு. வளைவில் ஒன்றுமே ஆகவில்லை. ஜிப்சி அண்ணன் சும்மா பயமுறுத்துகிறார்.

அமைதிப்படை:
நண்பர்களே, ஏ.டபிள்யூ.டி. வேறு, பார்ட் டைம் வேறு. ஏ.டபிள்யூ.டி.யில் முன், பின் வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் கிளட்சோ டிஃபரென்ஷியலோ இருக்கும். பழைய பஜேரோவின் சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்பு மாதிரி சிலதில் தார் ரோட்டிலும் ஃபோர் வீலில் ஓட்டலாம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால்...

கதிர் 4×4:
அதெல்லாம் இருக்கட்டும் சார். ஈரத் தார் ரோட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

பழைய ஜிப்சி:
வந்துவிட்டது, உங்களுக்குத்தான் படிக்க மனசில்லை. ஈரம் என்றால் எந்த ஈரம்? மேலேயிருந்து செம்மண் கரைந்து ரோட்டில் இறங்கியிருக்கிறது, இலைக் குப்பை மூடியிருக்கிறது என்றால் அந்த ஐம்பதடிக்கு 4எச் போடுங்கள், தாண்டியதும் எடுங்கள். அதற்குத்தான் ஓடும்போதே மாற்றுகிற வசதி. வெறும் மழைத்தண்ணீர் வழிகிற தாரில் நல்ல டயர் இன்னும் கெட்டியாகத்தான் பிடிக்கும். வறண்டதைவிடக் குறைவு, சேற்றைவிட எவ்வளவோ அதிகம். அந்த வீடியோவிலேயே ஒரு வளைவில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்துத் திருப்புகிறார், உள்பக்க முன் டயர் கீச்சென்கிறது. பிறகு மேலே போய் 2எச்சுக்கு, அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்கு மாற்றும்போது லிவர் வரவில்லை. "புது வண்டி, கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று சிரிக்கிறார். டைட்டாம்! முறுக்கேறிக் கிடக்கிறது ஐயா. நாலடி ரிவர்ஸ் எடுத்திருந்தால் தானாக விட்டிருக்கும்.

கதிர் 4×4:
புது வண்டியில் லிவர் டைட்டாகத்தான் இருக்கும். வண்டி கொடுக்கும்போதே சொன்னார்கள்.

பழைய ஜிப்சி:
அப்படியானால் 4எச்சுக்குப் போகும்போது மட்டும் ஏன் வெண்ணெய் மாதிரிப் போனது?

கதிர் 4×4:
போன வருஷம் தேரிக்காட்டு மணலில் ஓட்டுவது பற்றிய இழையில் (த்ரெட்) டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு என்று சொன்னதும் நீங்கள்தான். இறக்கியவன் வளைத்துத் திருப்பியதில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. அன்றைக்கும் இப்படித்தான் கணக்குப் போட்டீர்கள்.

பழைய ஜிப்சி:
18க்கு இறக்கச் சொன்னேன், இறக்கிவிட்டு மணலில் ரேஸ் விடச் சொல்லவில்லை. செம்மணல் தேரியில் காற்றைக் குறைக்காமல் 4எச் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து குழி பறிக்கும். மெதுவாக, பெரிய வட்டமாகத் திருப்பு என்றும் எழுதியிருந்தேன். பாதியைப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்பினால் நான் என்ன செய்வது?

மதுர மெக்கானிக்:
மலையில் இறங்கும்போது 4எச் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று அந்த வீடியோவிலேயே ஒரு இடத்தில் வருகிறதே, அதை யாரும் கேட்கவில்லையா? பிரேக் நான்கு சக்கரத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. கொழுக்குமலை மாதிரி கல்பாதையில் இறங்க 4எல் (மெதுவாக ஓடும் ஃபோர் வீல் நிலை), முதல் கியர் என்றால் சரி.

வால்பாறை வாசி:
மெக்கானிக் அண்ணே, ஈரத் தாரில் வால் வீசுவதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மதுர மெக்கானிக்:
மெதுவாகப் போ தம்பி.

கதிர் 4×4:
ஜிப்சி அண்ணன் தன் மாருதி ஜிப்சியை விற்று எவ்வளவு நாளாச்சு? இப்போது ஓட்டுவது முன்சக்கர ஹேட்ச்பேக் என்று கேள்வி. ஃபோர் வீல் லிவரே இல்லாத வண்டியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம்!

பழைய ஜிப்சி:
ஆமாம், விற்றேன். ஃபோர் வீல் போட முன்சக்கர ஹப்பை மழையில் இறங்கிக் கையால் திருகிய காலம் அது. அப்போது தேவையில்லாமல் யாரும் ஃபோர் வீல் போடமாட்டான், இறங்கி நனைய வேண்டுமே. இப்போது உட்கார்ந்த இடத்தில் லிவர். அதான் மழைத்தூறல் விழுந்ததும் கை தானாகப் போகிறது. ஹேட்ச்பேக் ஓட்டினால் வடிவியல் மாறிவிடுமா? அந்த ஒன்றரை மீட்டர் எங்கே போகும்?

கதிர் 4×4:
தண்ணீரில் போகும். வறண்ட என்றுதான் போட்டிருக்கிறது.

டீசல் மண்டை:
மாருதி ஜிம்னிக்கும் இதே விதிதானா? இல்லை அது பொம்மை வண்டி என்பதால் சலுகை உண்டா?

வால்பாறை வாசி:
ஜிம்னியைப் பொம்மை என்று சொல்கிறவர் ஒருமுறை எங்கள் எஸ்டேட் ரோட்டுக்கு அந்த ஏ.டபிள்யூ.டி. வண்டியோடு வரட்டும். கயிறு நான் கொண்டு வருகிறேன்.

டீசல் மண்டை:
கயிறு உங்களுக்குத்தான் வேண்டியிருக்கும் தலைவரே, வால் வீசுகிறது என்று முதலில் அழுதது யார்?

பழைய ஜிப்சி:
ஜிம்னியிலும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. கணக்கு அதே கணக்குதான். கதிர் தம்பி, ஒன்றரை மீட்டர்.

கதிர் 4×4:
வறண்ட.