ஆர்மோனியம் திருத்தத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம் உறவுகளே. திருகோணமலையிலோ மட்டக்களப்புப் பக்கமோ ஆர்மோனியம் திருத்துபவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

2006 ஏப்ரல் 12, புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்னால், திருகோணமலை மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்த பிறகு கலவரத்தில் கடைகளை எரித்தார்களே, அதில் அப்பாவின் வாத்தியக் கடையும் போனது. மிருதங்கத் தோல்கள் சூட்டில் சுருங்கி வெடித்துவிட்டன. வீணை இரண்டும் கரி. மிஞ்சியது ஒரே ஒரு ஆர்மோனியம். துருத்தி கிழிந்து, பித்தளை ரீட்டுகளில் களிம்பு பிடித்துக் கிடக்கிறது. அப்பா அதை இன்றும் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறார். அவர் காது கேட்கும்போதே அது ஒருதடவை பாட வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. தம்பி டவுனில் மறுபடி கடை போடப் போகிறான். அம்மாவுக்குப் பயத்தில் நித்திரை இல்லை. வெறும் தீக் காப்புறுதி கலவரச் சேதத்துக்குப் போதாது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. டவுனில் கடை வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா? எவ்வளவு கட்டுகிறீர்கள்? இரவில் கடைக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறீர்கள்? இன்பாக்ஸில் எழுதினாலும் சரி.