ஒன்ராறியோ ஏரியில் ட்ரோலிங்: மொத்தமாக வாங்கிய பெட்டியில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?

கேள்வி (ஏரிக்கரை):

வணக்கம். நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். 16 அடி அலுமினியப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். இதுவரை சிம்கோ ஏரியில் நங்கூரமிட்டு மஞ்சள் பேர்ச் பிடித்ததோடு சரி. மீன்பிடியை நிறுத்திவிட்ட ஒரு முதியவரிடமிருந்து அவருடைய ட்ரோலிங் (படகை ஓட்டியபடியே தூண்டிலைப் பின்னால் இழுத்து மீன்பிடிப்பது) சாமான்கள் முழுவதையும் சென்ற மாதம் 600 டொலருக்கு வாங்கினேன். தூண்டிலைக் குண்டின் பாரத்தால் ஆழத்துக்கு இறக்கும், கையால் சுற்றும் டவுன்ரிக்கர் ஒன்று, நூல் நீளத்தைக் காட்டும் லைன் கவுண்டர் ரீல்கள் ஆறு, லெட்கோர் என்னும் ஈயம் உள்ளோடிய நூல் நிரப்பிய பெரிய ரீல் ஒன்று, நூலை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் தட்டான டிப்சி டைவர் மூன்று, ஏழு தடிகள், நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பூன்கள் (உலோகத் தகட்டுப் போலி இரைகள்) என்று வாகனக் கொட்டகையின் பாதியை அவை பிடித்துக்கொண்டன. வரும் கோடையில் பிளஃபர்ஸ் பூங்காவிலிருந்து படகை இறக்கிச் சினூக் சாமன் மீன் பிடிக்கப் போக எண்ணுகிறேன். என்னோடு மைத்துனர் ஒருவர் மட்டுமே வருவார். இவற்றில் எவற்றை வைத்துக்கொள்ள வேண்டும், எவற்றை விற்கலாம், எப்போது விற்றால் போட்ட பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (தங்கூசி):

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஒன்ராறியோ மாகாணத்தில் பொதுவாக ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் அனுமதி என்றாலும், இந்த ஏரியில் படகிலிருந்து பிடிப்பவர் இரண்டு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இருவர், ஆகவே நான்கு. முதல் கோடையில் நான்கையும் சிக்காமல் இழுத்தாலே பெரிய காரியம் என்பதால், மூன்றோடு தொடங்குங்கள்.

அடுத்தது ஆழம். சினூக் ஏறத்தாழ 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரையிலான நீரையே விரும்பும். ஏப்ரல், மே மாதங்களில் ஏரி முழுவதும் குளிர்ந்திருப்பதால் மீன் மேலேயே நிற்கும். ஜூலையில் மேல்நீர் சூடானதும் அது 60, 80, சில நாட்களில் 100 அடிக்குக் கீழே இறங்கிவிடும். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேற்குக் காற்று தொடர்ந்து வீசினால் சூடான மேல்நீர் நம் வடகரையை விட்டுத் தெற்கே தள்ளப்பட்டு, அடியிலிருக்கும் குளிர்நீர் கரையோரம் மேலே எழும். நேற்று 90 அடியில் நின்ற மீன் இன்று 40 அடியில் நிற்கும். நேற்றைய ஆழத்திலேயே ஸ்பூனை இழுத்துக்கொண்டிருப்பவர் வெறுங்கையோடு திரும்பி, ஸ்பூனின் நிறத்தைக் குறைசொல்வார்.

ஆகையால், வேண்டிய ஆழத்தில் மறுபடி மறுபடி நிறுத்தித் தரும் டவுன்ரிக்கரை எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு போதும். படகின் மெல்லிய அலுமினியத் தகட்டில் நேராகத் திருகாமல், உட்புறம் தடித்த பலகையோ தகடோ வைத்துப் பொருத்துங்கள். குண்டு அடியில் சிக்கினால் முழுப் பாரமும் அந்த நான்கு போல்ட்டுகளின் மேல்தான் விழும். ஸ்பூனை முதலில் 20 அடி பின்னே ஓடவிட்டு, நூலைக் குண்டோடுள்ள கிளிப்பில் செருகிக் குண்டை இறக்கியபின், தடியின் நுனி நன்றாக வளையும்வரை ரீலை இறுக்குங்கள். மீன் இழுத்து நூல் கிளிப்பிலிருந்து விடுபட்டதும் தடி விசுக்கென்று நிமிரும். அந்தத் தளர்வை உடனே சுற்றி எடுக்காவிட்டால் மீன் போய்விடும்.

வேகத்தை மணிக்கு 2 முதல் 2.5 மைல் வரை வைத்திருங்கள். ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது மேலே படகின் வேகம் மட்டுமே. கீழே நீரோட்டம் எதிர்த்திசையில் இருக்கக்கூடும் என்பதால், குண்டின் கம்பி எவ்வளவு பின்னே சாய்ந்திருக்கிறது என்பதை அடிக்கடி கவனியுங்கள். எனக்கு அதுதான் உண்மையான வேகமானி.

லெட்கோர் ரீலையும் மூன்று கவுண்டர் ரீல்களையும் விற்றுவிடலாம் என்பது என் கருத்து.

பதில் (ஈயக்குண்டு):

பெயர் ஈயக்குண்டு என்றாலும், லெட்கோரை விற்கச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். அந்த ரீலைச் சற்று அவிழ்த்துப் பாருங்கள்: பின்னிய நூலுறைக்குள் மெல்லிய ஈயக்கம்பி ஓடும், 10 யார் நீளத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஐந்தடி இறங்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிறம் விட்டால் 25 அடி. தனிப் பொறி எதுவும் வேண்டாம். ஜூன் மாதத்தில் மீன் இன்னும் முழுவதும் இறங்காத நாட்களில் படகின் நடுவே, வெகு பின்னால் ஓடும் இந்த நூலில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. ஜூலை பிற்பகுதியில் அதனால் அந்த ஆழத்தை எட்ட முடியாது என்பது உண்மைதான், அப்போது வீட்டில் வைத்துவிடுங்கள்.

டிப்சியில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை விற்றுவிடுங்கள். அடித்தட்டில் 0 என்று வைத்தால் நேராக ஆழம் போகும். எண்ணைக் கூட்டக் கூட்ட அது படகைவிட்டுப் பக்கவாட்டில் விலகி, ஆழம் குறையும். இழுத்தால் நீளும் தங்கூசியில் (நைலான் ஒற்றை இழை நூல்) டிப்சியைக் கட்டினால், எவ்வளவு வெட்டி இழுத்தாலும் அது விடுபடாமல் முரண்டு பிடிக்கும் என்பதால், அந்த இரண்டு ரீல்களுக்கும் நீளாத, பின்னிய பிரெய்ட் நூல் போடுங்கள். டவுன்ரிக்கர் ரீல்களுக்கோ 30 இறாத்தல் தங்கூசிதான் சரி. காரணம் மீனின் பலம் மட்டுமன்று. 1998இல் இந்த ஏரியில் முதலில் கண்டறியப்பட்ட, கொக்கி வால் கொண்ட அந்நிய நீர்த்தெள்ளு கோடையில் மெல்லிய நூலில் நனைந்த பஞ்சுபோல் திரண்டு, தடி நுனி வளையத்தை அடைத்துவிடும். பாதி தூரம் வந்த 20 இறாத்தல் மீனை, வளையத்தில் நூல் ஓடாததால் கையால் இழுக்கப்போய் அறுத்துக்கொண்டவன் நான். தடித்த தங்கூசியில் அது அவ்வளவாக ஒட்டுவதில்லை.

பதில் (பழையரீல்):

விற்பதைப் பற்றி நான் சொல்கிறேன். பத்து ஆண்டுகளாகப் பழைய ரீல்களை வாங்கிச் சுத்தம் செய்து விற்பது என் பொழுதுபோக்கு.

நவம்பரில் விற்காதீர்கள். படகுகளைப் போர்த்தி மூடிய பிறகு வாங்க வருபவர் அரைவிலைக்குத்தான் கேட்பார். மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை, வசந்த மீனுக்கு எல்லோருக்கும் கை துறுதுறுக்கும் காலத்தில் விளம்பரம் போடுங்கள். ரீல்களை ஒற்றையாகப் பிரிக்காமல் ஒரே மாதிரியானவற்றைச் சோடியாக விற்பது நல்லது. படகின் இரு பக்கத்திலும் ஒரே கணக்கு வரவேண்டும் என்பதால், ட்ரோலிங் செய்பவர் சோடிக்குக் கூடுதலாகத் தரத் தயங்கமாட்டார்.

ஆனால் எதை விற்பது என்று முடிவெடுக்கு முன் ஆறையும் சோதியுங்கள். 100 அடியை நாடாவால் அளந்து, நூலை அவ்வளவு தூரம் இழுத்து, கவுண்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கவுண்டர் எண்ணுவது சுருளின் சுற்றுகளைத்தான், நூலின் நீளத்தை அன்று. சுருளில் நூல் குறைந்திருந்தால் ஒரு சுற்றுக்கு வெளியேறும் நீளமும் குறைவு, எண் மட்டும் கூடுதலாகக் காட்டும். பிறகு ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நூலைத் தடுத்து விடும் பிடிப்பு) இறுக்கி இழுத்துப் பாருங்கள். விட்டுவிட்டு, துள்ளித் துள்ளி நூல் வந்தால், அதன் வட்டுகளை இறுக்கிய நிலையிலேயே பல குளிர்காலம் வைத்திருந்திருக்கிறார்கள் என்று பொருள். அவற்றை மாற்றாமல் விற்பதாக இருந்தால் அந்தக் குறையை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். முன்பொருமுறை, ஏரியில் மட்டும் பாவித்தது என்று சத்தியம் செய்து ஒருவர் என்னிடம் விற்ற ரீலைத் திறந்தால், உள்ளே கடல் உப்பில் பச்சை பூத்திருந்தது. அன்றுமுதல் பக்கத்தட்டைக் கழற்றி உட்புறத்தைப் படமெடுத்துப் போடுவதை வழக்கமாக்கினேன், பேரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஸ்பூன்களைத் தனித்தனியே விற்கப் போனால் பைத்தியம்தான் பிடிக்கும். உங்களுக்கென்று இருபதை எடுத்துக்கொண்டு, மீதியில் துருப்பிடித்த முட்களைக் கழற்றி, அளவுவாரியாகப் பெட்டியில் அடுக்கி மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்.

ஏரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை ஆறு ரீல்களையும் வாசலில் வைத்து அளந்தேன். ஒரே மாதிரியான இரண்டு ரீல்கள் 100 அடிக்கு 101, 103 என்று காட்டின. இன்னொரு சோடி 118, 121. மற்ற இரண்டும் வெவ்வேறு மாதிரிகள், அவற்றில் ஒன்றின் ட்ராக் துள்ளுகிறது. 118 காட்டும் சோடியை விற்பதுதானே சரி?

பழையரீல்:

அவசரப்படாதீர்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கூட்டிக் காட்டுவதால் பழுது கவுண்டரில் இருக்க வாய்ப்பில்லை, முதியவர் அறுந்த நூலை நிரப்பாமல் விட்டிருப்பார். விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நூலை நிரப்பி மறுபடி அளந்து பாருங்கள். சரியாக வந்தால் அவற்றில் பிரெய்ட் போட்டு டிப்சிக்கு வைத்துக்கொண்டு, 101 காட்டும் சோடியைத் தங்கூசியோடு டவுன்ரிக்கருக்கும் மாற்றுக்குமாக வைத்திருங்கள். பிரெய்ட்டை வெறும் சுருளில் கட்டினால் வழுக்கும், விலையும் அதிகமாகும் என்பதால் அடியில் பழைய தங்கூசியைக் கொஞ்சம் விட்டுவிட்டு அதன்மேல் சுற்றுங்கள். விற்க வேண்டியவை அந்த ஒற்றைகள் இரண்டும்தான். துள்ளுகிற ஒன்றுக்குப் புது வட்டுகள் போட்டபின் ஏப்ரலில் கொடுங்கள்.